பாடம் 11: கோமாளி மீனுக்குச் சுகமில்லை

வாசிப்போம்

செம்மஞ்சள் நிற உடல். அதில் மூன்று வெள்ளைப் பட்டைகள். பட்டைகளின் ஓரத்தில் கறுப்புக் கோடு. இந்த மீனை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் நீமோ இதுதான். தமிழில் இதைக் கோமாளி மீன் என்று சொல்வோம். சிஎன் கோபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள ரிப்ளீஸ் மீன்காட்சியகத்திலும் இதைப் பார்க்கலாம்.

கோமாளி மீன்களில் பல வகைகள் உண்டு. அவை இந்து சமுத்திரத்திலும் பசுபிக் சமுத்திரத்திலும் வாழ்கின்றன. இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் இருக்கும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கின்றன. அங்கே கடலுக்கு அடியில் முருகைக் கற்கள் உண்டு. தமிழ்நாட்டில் அவற்றைப் பவளப்பாறை என்பார்கள். அந்தப் பாறைகளில் கடற்சாமந்தி இருக்கும். பார்த்தால் பூ மாதிரி. ஆனால் அது ஒரு விலங்கு! அதன் இதழ் போன்ற கைகள் மற்ற மீன்களைக் கொட்டும். கோமாளி மீனின் உடலில் வழுவழுப்பான பசை இருக்கிறது. அதனால் அது கடற்சாமந்திக்குள் பயமில்லாமல் ஒளிந்திருக்கும்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் கடல் இல்லை. ஒன்ராறியோ ஏரி இருக்கிறது. ஆனால் அது நன்னீர். எனவே இங்கே கோமாளி மீன் வளர்க்க விரும்பினால், வீட்டுக்குள் ஒரு சின்னக் கடலையே செய்ய வேண்டும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். தொட்டியிலும் அதே அளவு வேண்டும். தண்ணீரின் வெப்பம் 25 அல்லது 26 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே விடக் கூடாது. ரொறன்ரோவில் கிருமிகளைக் கொல்லக் குழாய்த் தண்ணீரில் குளோரமின் சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீரை நாங்கள் குடிக்கலாம். ஆனால் குளோரமின் மீனுக்கு நஞ்சு. அதை நீக்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட்டியில் விட வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் மீனுக்குச் சில நேரம் வருத்தம் வரும். மீனுக்கு வாய் இருக்கிறது, ஆனால் "எனக்கு ஏலாது" என்று சொல்லத் தெரியாது. நாங்கள்தான் கவனித்துப் பார்க்க வேண்டும்.

பேசுவோம்

(இரண்டு பேர் சேர்ந்து வாசியுங்கள். அம்மம்மாவாக ஆசிரியர் வாசிக்கட்டும்.)

தம்பி: அக்கா, இஞ்ச வாங்கோ! மீன் சாப்பிடேல்லை.

அக்கா: எப்ப இருந்து?

தம்பி: நேற்றுப் பின்னேரத்தில இருந்து. மூலையில ஒளிஞ்சு நிக்குது. மூச்சும் கெதியா விடுது.

அம்மம்மா: ஐயோ பாவம், பசியாக்கும். இன்னும் கொஞ்சம் சாப்பாடு போடுங்கோவன்.

அக்கா: வேண்டாம் அம்மம்மா. அது சாப்பிடாட்டில் சாப்பாடு கீழ கிடந்து அழுகிப் போகும். பிறகு தண்ணியும் பழுதாப் போகும்.

தம்பி: அப்ப மருந்து விடுவமா?

அக்கா: பொறு. முதல்ல தண்ணியைப் பாப்பம்.

அம்மம்மா: ஓ! உங்களுக்குக் காய்ச்சல் எண்டால் நான் முதல்ல நெத்தியைத் தொட்டுப் பாக்கிறன். அதுமாதிரியோ?

அக்கா: ஓம் அம்மம்மா, அதுமாதிரித்தான்!

என்ன செய்ய வேண்டும்?

1. தண்ணீரைச் சோதியுங்கள். வெப்பம் சரியா? உப்பு சரியா? அமோனியா இருக்கிறதா? மீனின் கழிவிலிருந்தும் அழுகிய உணவிலிருந்தும் அமோனியா வரும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மீனின் செவுளை எரிக்கும். அதனால்தான் மீன் வேகமாக மூச்சு விடும். தொட்டியில் அமோனியா 0 ஆக இருக்க வேண்டும். இருந்தால், கொஞ்சத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிய உப்புநீர் விட வேண்டும்.

குளிர்காலத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டில் ஹீற்றர் ஓடும்போது காற்று உலர்ந்து போகும். தொட்டித் தண்ணீர் விரைவாக ஆவியாகும். ஆனால் உப்பு ஆவியாகாது! அது தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தமான தண்ணீரை விட வேண்டும்.

2. மீனை உற்றுப் பாருங்கள். உப்புக் கல் போலச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருந்தால், அது வெள்ளைப் புள்ளி நோயாக இருக்கலாம். வெள்ளைப் பட்டையில் வெள்ளைப் புள்ளி தெரியாது. செட்டைகளிலும் செம்மஞ்சள் பகுதியிலும் பாருங்கள். உடலில் பசை திரண்டு உரிந்தால் அது வேறு நோய். அது மிக விரைவாகக் கொல்லும். அன்றைக்கே உதவி கேட்க வேண்டும்.

3. நோயுள்ள மீனைத் தனியாக வையுங்கள். ஏன்? வெள்ளைப் புள்ளி நோய்க்குக் கொடுக்கும் ஒரு மருந்தில் செம்பு இருக்கிறது. அதைப் பெரிய தொட்டியில் விட்டால் முருகை உயிர்கள், கடற்சாமந்தி, இறால், நத்தை எல்லாம் செத்துப் போகும். ஒன்றைக் காப்பாற்றப் போய் மற்றவற்றைக் கொல்லக் கூடாது. சின்னத் தொட்டி ஒன்று, சூடாக்கி, காற்றுக் குழாய், ஒளிவதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும். மீனைக் கையால் பிடிக்க வேண்டாம். உடம்பில் இருக்கும் பசை போனால் மீனுக்குப் பாதுகாப்பும் போய்விடும். மருந்தை அம்மா அல்லது அப்பாதான் அளந்து விட வேண்டும். மீன்களைப் பார்க்கும் மிருக வைத்தியர்களும் இருக்கிறார்கள்.

4. கொஞ்சமாக உணவு கொடுங்கள். உறைந்த சின்ன இறாலைத் தொட்டித் தண்ணீரில் கரைய விடுங்கள். ஒரு துண்டு போடுங்கள். மீன் தின்றால் மட்டும் அடுத்த துண்டு. இரண்டு நிமிடத்துக்குப் பிறகு மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை போதும். அன்பு இருந்தால் அள்ளிக் கொடுக்கத் தோன்றும். ஆனால் மீனுக்கு அளந்து கொடுப்பதுதான் அன்பு.

5. அவசரப்பட வேண்டாம். சில நாளில் வெள்ளைப் புள்ளிகள் மறையும். "சுகமாயிட்டுது!" என்று மீனை உடனே பெரிய தொட்டியில் விடக் கூடாது. புள்ளிக்குள் இருந்த கிருமி கீழே விழுந்து, அங்கே பெருகி, மறுபடியும் மீனைத் தேடி வரும். மீன் கிடைக்காவிட்டால் அது செத்துப்போகும். அதனால் பெரிய தொட்டியைப் பல வாரங்கள் மீன் இல்லாமல் வைக்க வேண்டும்.

இப்படிப் பார்த்தாலும் எல்லா மீனும் பிழைக்காது. ஆனால் ஒவ்வொரு நாளும் உற்றுப் பார்ப்பவர் நோயை முதலிலேயே கண்டுபிடிப்பார். அப்போது மீன் பிழைக்க வழி அதிகம்.

தெரியுமா?

கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாக இருக்கும். கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறும். அந்தப் பெண் மீன் இறந்துவிட்டால், அதன் துணையான ஆண் மீன் பெண்ணாக மாறும்!

தமிழ்நாட்டில் மண்டபம் என்ற ஊரில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கே கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீனை வாங்கினால் கடலில் இருந்து மீன் பிடிக்கத் தேவையில்லை.

சொல் அறிவோம்

வருத்தம் – நோய்
ஏலாது – முடியாது
கெதியா – வேகமாக
பின்னேரம் – மாலை
செவுள் – மீன் மூச்சு விடும் உறுப்பு
செட்டை – மீன் நீந்த உதவும் உறுப்பு

பேசுவது – எழுதுவது

சாப்பிடேல்லை – சாப்பிடவில்லை
பாப்பம் – பார்ப்போம்
தண்ணி – தண்ணீர்
இஞ்ச – இங்கே
எண்டால் – என்றால்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. கடற்சாமந்தி பூவா, விலங்கா?
2. இன்னும் சாப்பாடு போட வேண்டாம் என்று அக்கா ஏன் சொன்னா?
3. தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புநீர் விடலாமா? ஏன்?
4. புள்ளிகள் மறைந்ததும் மீனைப் பெரிய தொட்டியில் விட்டால் என்ன நடக்கும்?

ஆ. தம்பி பேசிய வசனங்களை எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுக.

இ. வீட்டில் கேட்டு வாருங்கள். உங்களுக்குச் சுகமில்லாதபோது அம்மம்மா அல்லது அப்பம்மா முதலில் என்ன பார்ப்பா? என்ன சாப்பிடத் தருவா? ஐந்து வசனங்கள் எழுதி வகுப்பில் வாசியுங்கள்.