எங்கள் யானைமலை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், ஒத்தக்கடையருகே, துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானை போல ஒரு மலை தோன்றும். அதுவே யானைமலை. வகுப்புத் தோழியர் அனைவரும் வரலாற்று ஆசிரியையுடன் அதனைக் காணச் சென்றோம். ஏறும்போதே, "உச்சியில் நம் வகுப்பின் பெயரை எழுதிவிட்டு வருவோம்" என்று பேசிக்கொண்டோம். சுண்ணக்கட்டியும் கையோடு இருந்தது.

இம்மலை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடைய ஒரே பாறைத்தொடர். பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை இது. வயது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல். மழை பெய்தால் நீர் வழுக்குப் பாறையில் வழிந்து அடிவாரத்துக் கண்மாய்களைச் சேர்கிறது. ஆகவே மலை வாழ்ந்தால்தான் வயலும் வாழும்.

மேலேயுள்ள குகையில் சமண முனிவர்களுக்காகக் கல்லிலேயே படுக்கைகள் செதுக்கப்பட்டுள்ளன. குகை முகப்பில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. அது இம்மலையை 'இவகுன்றம்' என்கிறது. 'இவம்' என்றால் யானை. நாம் இன்று சொல்லும் பெயரைத்தான் அன்றும் சொல்லியிருக்கிறார்கள் என்று அறிந்து வியந்தோம்!

பாறையொன்றில் தீர்த்தங்கரர் உருவங்களும், அச்சணந்தி என்னும் முனிவரின் பெயர் பொறித்த வட்டெழுத்தும் உள்ளன. அடிவாரத்தில் நரசிங்கப்பெருமாள் குடைவரைக் கோயில் உள்ளது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770-இல் இதனைக் குடைவித்தார். பணி முடியுமுன் அவர் மறையவே, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நிறைவு செய்தார். அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்த கதையைக் கல்லே நமக்குச் சொல்கிறது. யானை எய்த திருவிளையாடற் கதையும் இம்மலையைப் பற்றியதே.

சமணமும் வைணவமும் சைவமும் இம்மலையைத் தமதாகக் கொண்டன; எவரும் அதனை உடைத்து விற்கவில்லை. நம் காலத்திலோ மதுரையைச் சுற்றிப் பல குன்றுகள் கல் குவாரிகளாகிக் கரைந்தன. 2010-ஆம் ஆண்டளவில் இங்கே சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, சுற்றுவட்டார மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் பேசாதிருந்திருந்தால் நாங்கள் காண என்ன மிஞ்சியிருக்குமோ!

கற்படுக்கையருகே யார் யாரோ கிறுக்கிய பெயர்களைக் கண்டோம். ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. சுண்ணக்கட்டி பைக்குள்ளேயே போயிற்று. மலையை அழிப்பது வெடிமருந்து மட்டுமன்று, நம் கையிலுள்ள ஆணியும் சாயமும்தான் என்பதை அன்று உணர்ந்தோம்.

தோழியரே, நீங்களும் ஒருமுறை சென்று பாருங்கள். எழுத வேண்டாம், அங்கே எழுதியிருப்பதைப் படித்து வாருங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி