புத்தாண்டுக்கு நுரை பொங்கும் பானம்: கடைக்காரர் போட வேண்டிய கணக்கு

மார்கழி பிறந்து பத்து நாள் ஆனால் போதும், மயிலை, தி.நகர், அடையாறு வட்டாரத்து மளிகைக் கடைகளில் ஒரு கேள்வி எழும். "அண்ணாச்சி, முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி திறக்க ஸ்பார்க்ளிங் வைன் மாதிரி ஏதாவது இருக்கிறதா?" விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது அதிகம். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இப்போது கூடச் சேர்ந்திருக்கிறது. வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பாமல் என்ன கொடுக்கலாம், அதில் நமக்கு என்ன நிற்கும் என்று இம்மாதம் பார்ப்போம்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் நிறுவனத்துக்கே உரியது. தெரிந்தவர் கேட்கிறார் என்று ஒரே ஒரு வைன் பாட்டிலை வாங்கி வைத்து விற்றாலும் குற்றம்தான். "மது கலவாதது" என்ற பெயரில் வரும் திராட்சை பானங்களிலும் லேபிளைப் படித்துவிட்டே சரக்கு எடுக்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானத்தை மதுபானமாகவே கொள்கின்றன. '0.0' என்று தெளிவாக அச்சிடாத பெட்டியை நாம் தொடாமல் இருப்பதே நல்லது.

இனி, கெடுதல் இல்லாதது என்ற பேச்சுக்கு வருவோம். திராட்சையை மருந்தடிக்காமல் வளர்த்தார்கள் என்று லேபிளில் பச்சை இலை போட்டிருப்பார்கள். அது இருக்கட்டும், பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் வாயுவின் அழுத்தம் கார் டயரில் உள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதைத் தாங்கத் தடித்த கண்ணாடி வேண்டும். 900 கிராம் எடையிருந்த பாட்டிலை அந்நாட்டு உற்பத்தியாளர்கள் 2010இல் 835 கிராமாகக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்தும் என்ன, ஒரு ராத்திரிக் கூத்து முடிந்தால் அது குப்பைக்கோ உலைக்கோதான் போகிறது.

நம் கோலி சோடா பாட்டில் அப்படியல்ல. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் கண்டுபிடித்த அமைப்பு அது. மூடியும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். பாட்டிலைத் தலைகீழாக வைத்து வாயுவை ஏற்றினால் கோலிக்குண்டு கழுத்துக்கு இறங்கும். உள்ளிருக்கும் அழுத்தமே அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குடித்து முடித்ததும் கழுவி மறுபடியும் நிரப்பலாம். உடையும்வரை அதே பாட்டில்தான். நீலகிரியில் 2022 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்படி டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கின. புதுத் திட்டம் என்று பேசினார்கள். நம் சோடாக்காரர்களுக்கு அது தாத்தா காலத்துப் பழக்கம்.

ஆகவே பன்னீர் சோடா, இஞ்சி சோடா, எலுமிச்சை சோடா மூன்றையும் புத்தாண்டுச் சரக்காக வைக்கலாம். 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவன்டோவும் உண்டு. 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தபோது அதைத் தேடி வந்தவர்கள் பலர். மார்கழிக் குளிரில் யார் சோடா குடிப்பார்கள் என்று கேட்கலாம். சபா கேன்டீனில் இலைச் சாப்பாடு சாப்பிட்டு வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்!

லாபம் எங்கே நிற்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 24 பாட்டில் கொண்ட ஒரு கிரேட் எடுக்கிறீர்கள். பாட்டிலுக்கு 3 ரூபாய் நிற்கிறது, காலி திரும்பாவிட்டால் சோடாக்காரர் 20 ரூபாய் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் விற்றால் 72 ரூபாய். மூன்று காலி தொலைந்தால் மிச்சம் 12 ரூபாய்தான். நான்கு தொலைந்தால் கைப்பணத்தில் 8 ரூபாய் போகும். மயிலையில் நம் அன்பர் ஒருவர், பழகிய அடுக்ககமாயிற்றே என்று முன்பணம் கேட்காமல் ஆறு கிரேட் அனுப்பினார். மொட்டை மாடியில் பாதி உடைந்தது. கேட்கப் போய் மனஸ்தாபமும் வந்தது. முன்பணம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சோடாக்காரர் நம்மிடம் பிடிக்கும் தொகையையே நாமும் வாங்குவோம். கடற்கரைக்குக் கொண்டு போகக் கேட்பவருக்குக் கண்ணாடி பாட்டில் தர வேண்டாம். பெசன்ட் நகர் மணலில் உடைந்த கண்ணாடி யார் காலிலாவது ஏறும்.

அந்த முன்பணத்தை விற்பனையில் சேர்த்து எழுதிவிடாதீர்கள். திருப்பித் தர வேண்டிய முன்பணம் விலையாகாது என்பதே ஜி.எஸ்.டி. சட்டம். காலி வராமல் அதை நாம் எடுத்துக்கொள்ளும்போதுதான் அது விலையாகிறது, வரியும் வருகிறது. ஆகவே தனிப் பேரேடு ஒன்று போடுங்கள்: பெயர், எண்ணிக்கை, தொகை, திரும்பிய தேதி. வரி விகிதத்தையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரையும் சுவையும் சேராத வெறும் சோடாவுக்கு 5 விழுக்காடு. பன்னீர் சோடா போன்ற இனிப்புச் சேர்த்த வாயு பானத்துக்கு 40 விழுக்காடு. இரண்டையும் ஒரே வரியில் பில் போட்டால் பின்னால் தலைவலி. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இல்லாத சோடாக்காரரிடம் மலிவு என்று வாங்குவதும் அப்படித்தான்.

இன்னொன்று. விருந்துக்குக் கப், உறிஞ்சுகுழல், தட்டு என்று சேர்த்துக் கேட்பார்கள். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், உறிஞ்சுகுழல், எந்தத் தடிமன் ஆனாலும் கைப்பை ஆகியவற்றுக்கு மாநிலத்தில் தடை. ஒரு பாக்கெட் கப்பில் வரும் சில ரூபாய்க்காக அபராதம் கட்ட நேரிடும். பாக்குமட்டைத் தட்டும் துணிப்பையும் எடுத்து வையுங்கள். சமையற்காரரிடம் எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்குமா என்றும் விசாரித்துச் சொல்லலாம். அதற்கு நாம் காசு வாங்க வேண்டியதில்லை.

ஜனவரி 2ஆம் தேதி காலையிலேயே பையனைப் பேரேட்டோடு வீடு வீடாக அனுப்பிக் காலிகளைச் சேகரியுங்கள். பொங்கலுக்கு முன் அவை சோடாக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். காணும் பொங்கல் கூட்டத்துக்கு அவருக்கே பாட்டில் போதாது.