தீராத நோயும் தீர்க்கக்கூடிய வலியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

நம் திருவண்ணாமலையில் மருத்துவ முடிவு ஒன்று நாடறிய எடுக்கப்பட்டதுண்டு. ரமண மகரிஷியின் இடக்கையில் தோன்றிய சிறு கட்டியை 1949 பிப்ரவரியில் அறுத்தெடுத்தனர். அது மீண்டும் வளர்ந்தது. சார்கோமா என்னும் புற்றுநோய் எனத் தெரிந்தது. அவ்வாண்டில் மொத்தம் நான்கு அறுவைகள் நடந்தன. ரேடியமும் வைத்துப் பார்த்தனர். கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் கூறியபோது மகரிஷி இசையவில்லை. ஆனால் புண்ணுக்குக் கட்டுப் போடுவதையோ, பின்னர் வந்த பிற வைத்தியங்களையோ அவர் தடுக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று, இறுதி வேளையில், ஆக்சிஜன் கொடுக்க முற்பட்ட மருத்துவரைக் கையசைத்து விலக்கினார் என்று ஆர்தர் ஆஸ்போர்ன் எழுதியுள்ளார். அன்பர்கள் தரிசனத்திற்கு வருவது மட்டும் அன்றுவரை நிற்கவில்லை.

ஒரு சிகிச்சையை வேண்டாமென்பது வேறு. சிகிச்சையே வேண்டாமென்பது வேறு. இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான் நம் வீடுகளில் நோயாளிகள் வீணே துன்புறுகின்றனர் என்பது என் எண்ணம்.

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வலியால் துடிப்பவரிடம், "பகவானே தாங்கினாரே, நீ தாங்கக் கூடாதா?" என்று கேட்பவர் நம் ஊரில் உண்டு. ஒரு மகானின் பொறுமையைப் பிறர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. அதிலும், வலியைக் குறைக்க மருந்து இருக்கும்போது!

நோயைத் தீர்க்க இயலாதபோதும் நோயாளியின் துன்பத்தைத் தீர்க்க முயல்வதே நோய் ஆதரவுச் சிகிச்சை. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம் இதற்கு வழிகாட்டியது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் இப்பணியைத் தொடங்கினர். பின்னர் அது அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் துணையோடு கேரளமெங்கும் வீடுகளுக்குள் சென்றது.

வேதியியல் மாணவனாகிய எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி மார்ஃபின். நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அச்செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளுநர் செர்ட்யூர்னர் அதிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். இதை ஊசியாகத்தான் போட வேண்டும் என்பதில்லை, மாத்திரையே போதும். விழுங்கிய மருந்தில் ஒரு பகுதியைக் கல்லீரல் முதலிலேயே மாற்றிவிடுவதால், ஊசியளவைக் காட்டிலும் மாத்திரையளவு ஏறக்குறைய மூன்று மடங்கு தேவைப்படும். சாதாரண மாத்திரையின் பலன் நான்கு மணி நேரமே நிற்கும். ஆகவே வலி வந்தபின் கொடுப்பது முறையன்று; வருமுன் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிமுறையும் இதையே கூறுகிறது. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பு. சிறுநீரகம் பழுதுபட்டவர்க்குக் கழிவுகள் உடம்பில் தேங்குமாதலால் இன்னும் கவனம் வேண்டும். முதற் சில நாட்கள் குமட்டும். அது பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கலோ அடங்காது, முதல் நாளிலிருந்தே பேதி மருந்தும் சேர்த்துத் தருவார்கள்.

"போதைப் பழக்கமாகிவிடுமே!" என்பது பலரது அச்சம். வலிக்காக முறையோடு கொடுக்கப்படும் மார்ஃபின் போதை நாட்டத்தை உண்டாக்குவது அரிது. திடீரென நிறுத்தினால் உடல் தொல்லைப்படும் என்பது உண்மை. அதற்காகத்தான் படிப்படியாகக் குறைக்கிறார்கள். இந்த அச்சம் சட்டத்திலும் புகுந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திற்குப் பின் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கப் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபினி விளையும் நாட்டிலேயே, புற்றுநோயாளிக்கு மாத்திரை கிடைக்கவில்லை! 2014ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அம்முடிச்சை ஓரளவு அவிழ்த்தது.

வலி மட்டுமா துன்பம்? புண்ணின் நாற்றத்தால் நோயாளியின் அருகே உறவினரே வரத் தயங்குவர். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் அந்த நாற்றத்தை உண்டாக்குகின்றன. சீதபேதிக்குத் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் குறையும். விலையும் மிகக் குறைவு. மூச்சுத் திணறுபவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முகத்தில் காற்று படும்படி மின்விசிறியை வைத்தாலே சற்று இதமாக இருக்கும்.

சாப்பாட்டு விஷயம் சிக்கலானது. "ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க டாக்டர்" என்று கேட்காத குடும்பம் உண்டா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை லிட்டர் ஐந்து சதவீதக் குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. சுமார் 100 கலோரி. இரண்டு இட்லிக்குச் சமம்! இறுதி நாட்களில் அந்த நீரும் உடம்பில் தங்கி வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் கூட்டக்கூடும்.

என் பெரியப்பாவுக்கு வாயில் புற்றுநோய். நோயின் பெயரை அவரிடம் சொல்லக்கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் கட்டளை. கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே ஆதலால் சீட்டுகளைப் படிப்பது என் வேலையாயிற்று. இரண்டாவது அறுவை பற்றிப் பேச்சு வந்தபோது பெரியப்பா மருத்துவரை நேராகவே கேட்டார்: "ஆபரேசன் பண்ணா சோறு முழுங்க முடியுமா சார்? இல்ல, இன்னும் கொஞ்ச நாளு படுத்துக் கெடக்கத்தானா?" அவருக்கு எல்லாம் தெரிந்தேயிருந்தது. மருத்துவர் மறைக்காமல் பதில் சொன்னார். பெரியப்பா அறுவை வேண்டாமென்றார்; மார்ஃபின் மாத்திரைக்குச் சம்மதித்தார். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரவில் எழுப்ப வேண்டாமென்று கடைசி வேளைக்கு மட்டும் இரட்டை அளவு எழுதியிருந்தார் மருத்துவர். எழுத்தறியாத பெரியம்மா அத்தாளையும் கடிகார முள்ளையும் ஒப்பிட்டே ஒருவேளைகூடத் தவறாமல் கொடுத்தார்.

இவ்வாறு வேண்டாமெனும் உரிமை சட்டத்திலும் உண்டு. பேச முடியாத நிலை வருமுன்பே, செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாமென எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் அம்முறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், வீட்டிற்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை ஓர் அங்கமாகச் சேர்க்கப்பட்டது. வீட்டில் இத்தகைய நோயாளி உள்ளவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் விசாரிக்கலாம்.