முதுமையில் மீண்டும் ஒரு நாய் வளர்க்கலாமா?
(அகிம்சை அணுவிரதத்தின் வழியே ஒரு பாடம்)

அகவை எழுபதைக் கடந்த இல்லறத்தார் பலர் எம்மிடம் வினவும் வினா ஒன்று உண்டு. பல்லாண்டு வீட்டில் வளர்ந்த நாய் மறைந்துவிட்டது. பிள்ளைகளோ வெளியூரில் வாழ்கின்றனர். வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. மீண்டும் ஒரு குட்டியைக் கொணரலாமா என்பதே அவ்வினா. இஃது எமக்கும் உரிய வினாவே. எம் இல்லத்தில் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்த நாட்டு நாய் சென்ற ஆடித் திங்களில் மறைந்தது. எமக்கு இப்போது அகவை 74. ஆதலின் பிறர்க்கு உரைக்கும் அறிவுரையாக அன்றி, எமக்கு யாமே நடத்திக்கொண்ட பாடமாகவே இதனை எழுதுகின்றோம்.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் யாம் முதலில் கற்ற விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது. நம் குடும்பங்களில் சிறுவரும் அறிந்தது அகிம்சை அணுவிரதம். அங்கிருந்தே தொடங்குவோம்.

நாயும் நம் நூல்களும்

நாய் இழிந்த பிறவி, அதனைப் பற்றி இவ்வளவு சிந்திக்க வேண்டுமோ என்று சிலர் எண்ணலாம். சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் அறத்தின் ஆற்றலை விளக்குமிடத்து நாயின் பிறவியையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலும் ஒரு நாய் இடம்பெறுகிறது. வேள்வி உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர் பிரியும் நிலையில் கிடந்த அதன் அருகே சென்று, சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அவ்வுயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனுக்கு உற்ற துணையாயிற்று.

இக்கதையில் மாணவர்கள் பெரும்பாலும் கவனியாது விடும் செய்தி ஒன்று உண்டு. சீவகன் அந்நாயை வளர்த்தவன் அல்லன். அதற்கு உரிமையாளனும் அல்லன். உற்ற வேளையில் அருகிருந்தான், அவ்வளவே. இச்செய்தியை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் துயரம் தணிக

ஆர்த்த தியானம் நான்கு வகைப்படும். அவற்றுள் ஒன்று இஷ்ட வியோகம் பற்றியது. விரும்பிய ஒன்றைப் பிரிந்தபின் அதனையே இடையறாது எண்ணி வருந்துதல். நாயை இழந்த வீட்டில் நிகழ்வது பெரும்பாலும் இதுவே. அந்நிலையில் புதிய குட்டியைத் தேடுவோர் உண்மையில் பழைய நாயையே தேடுகின்றனர். மறைந்ததன் பெயரையே புதியதற்கு இடுவோரும் உளர். ஆயினும் வருவது வேறோர் உயிர். அதன் வினையும் வேறு, இயல்பும் வேறு. முன்னது போல் இல்லையே என்னும் குறையை அக்குட்டி நாளெல்லாம் சுமக்க நேரும். எனவே சில திங்கள் பொறுத்தல் நன்று. முன்னைய நாய் பார்வோ நோயால் இறந்திருப்பின், அக்கிருமி வீட்டிலும் மண்ணிலும் பல மாதங்கள் அழியாதிருக்கும். கால்நடை மருத்துவரைக் கேளாமல் குட்டியைக் கொணர்தல் அவ்வகையிலும் தீது.

ஐந்து அதிசாரங்கள், ஐந்து வினாக்கள்

உமாஸ்வாமி முனிவர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன அவை. கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகைப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவற்றின் பொருள். விலங்கை வளர்க்கும் இல்லறத்தார்க்கென்றே வகுத்தவை போன்று இவை அமைந்துள்ளன. ஒவ்வொன்றையும் ஒரு வினாவாக மாற்றிக்கொள்வோம்.

1. கட்டுதல்: அதற்குரிய நடமாட்டத்தை அளிக்க நம்மால் இயலுமா? தெருவில் செல்லும்போது வாரில் பிடித்துச் செல்லுதல் காவலேயாகும், அதிசாரம் அன்று. நாள் முழுவதும் தூணில் கட்டி வைத்தலே குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தன் 11-ஆம் பிரிவில், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்கு உரிய நடமாட்டம் அளிக்கத் தவறுவதையும் குற்றமாக வைத்துள்ளது. காலை ஒரு முறையும் மாலை ஒரு முறையும் அழைத்துச் செல்ல நம் முழங்கால் இடந்தருமா? மழைக்காலத்தில் யார் செல்வர்?

2. அடித்தல்: அதன் குறும்பைப் பொறுக்கும் வலிமை உண்டா? குட்டி முதலாண்டில் செருப்பைக் கடிக்கும், நள்ளிரவில் அழும், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். உறக்கம் குறைந்த முதியவர் கை ஓங்குதல் எளிதில் நிகழக்கூடியது. அளவும் கருதத்தக்கது. இராஜபாளையம் நாய் நன்கு வளர்ந்தால் 25 கிலோ எடையைத் தாண்டும். அது பூனையைக் கண்டு பாய்ந்து இழுத்தால் முதியவர் வீழ்ந்து இடுப்பெலும்பு முறிய நேரலாம். குருதி உறையாதிருக்க மருந்து உண்போர்க்குச் சிறு நகக்கீறலும் தொல்லையே. எனவே முதியோர்க்குக் குட்டியைவிட, இயல்பு அடங்கிய, நடுவயது கடந்த, சிறிய நாயே ஏற்றது. விலங்குக் காப்பகங்களில் இத்தகையவை ஏற்பாரின்றிக் காத்திருக்கின்றன.

3. அறுத்தல்: அழகுக்காக வாலையும் காதையும் வெட்டுதல் ஐயமின்றி அதிசாரம். இனப்பெருக்கத் தடை அறுவை அத்தகையதோ என்று நம் குடும்பங்களில் வினவுகின்றனர். இதில் தீர்ப்புரைக்கும் தகுதி எமக்கில்லை; சான்றோரைக் கேட்டறிக. யாம் கருதுவது இது: வலி தெரியாவண்ணம் மருத்துவர் செய்யும் அச்சிகிச்சை, ஏற்பாரற்ற குட்டிகள் தெருவில் பசியால் மடிவதைத் தடுக்கிறது. பெண் நாய்க்கு முதுமையில் கருப்பையில் சீழ்கட்டும் நோய் வாராமலும் காக்கிறது. நோக்கம் துன்புறுத்துதல் அன்று.

4. மிகைப் பாரம்: நாயின் முதுகில் யார் மூட்டை ஏற்றுகின்றனர் என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத மூட்டைகளும் உள. தொலைவில் வாழும் மகனின் இடத்தையும், மறைந்த துணைவரின் இடத்தையும், காவற்காரரின் இடத்தையும் ஒரு வாயில்லா உயிர் ஒன்றே நிரப்ப வேண்டும் என எதிர்பார்த்தலும் பாரமே. இன்னொரு பாரம் வீட்டில் உள்ளோர் மீது ஏறுவது. மாமனார் விரும்பி வளர்க்கும் நாயின் மலத்தை அள்ளுபவர் பல வீடுகளில் மருமகளே. அவருடைய உடன்பாட்டைப் பெறாமல் முடிவெடுத்தல் முறையன்று.

5. உணவும் நீரும் தடுத்தல்: இதுவே எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கையால் தடுத்தால்தான் தடுத்தல் என்பதில்லை. நாம் மருத்துவமனையில் கிடக்கும் பத்து நாளும், நாம் மறைந்த பின்னரும் அதன் தட்டில் உணவு விழாதெனின், அதுவும் நாம் முன்னரே எண்ணித் தவிர்த்திருக்க வேண்டியதேயாகும். இங்கு எளிய கணக்கு ஒன்று வேண்டும். சிற்றின நாய்கள் ஏறத்தாழ 12 முதல் 15 ஆண்டுகளும், பேரின நாய்கள் 8 முதல் 10 ஆண்டுகளும் வாழ்கின்றன. 74 வயதில் குட்டியைக் கொணர்ந்து அது 13 ஆண்டுகள் வாழுமாயின், அதன் இறுதி நாளில் நமக்கு வயது 87. அதுவும் நோயுற்ற நாயைத் தூக்கிச் செல்ல வேண்டிய வயது.

ஆகவே நாயைக் கொணருமுன் பின்காப்பாளர் ஒருவரைத் தேடுதல் கடமை. யாரேனும் பார்த்துக்கொள்வார்கள் என்பது விடையாகாது. ஒருவரை நேரில் கேட்டு, அவர் இல்லத்தாரும் இசைந்தனரா என அறிதல் வேண்டும். ஆண்டிற்கு இருமுறையேனும் நாயை அவ்வீட்டில் சில நாள் தங்கவிட்டுப் பழக்குதல் வேண்டும். உணவு முறை, தடுப்பூசி அட்டை, மருத்துவர் பெயர், செலவிற்கு ஒதுக்கிய தொகை ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும்.

உணவு பற்றி ஒரு குறிப்பு

ஊன் இன்றி நாயை வளர்க்க இயலுமா என்பது நம்மவர் ஐயம். பூனை ஊனின்றி வாழ்தல் அரிது. நாயின் உடலோ தாவர உணவையும் செரிக்க வல்லது. ஆயினும் தயிர்ச்சோறு மட்டும் போதாது. பருப்பு, பால் பொருள், காய்கறி முதலியன எவ்வளவு சேரவேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு அமைத்தல் வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு; இவ்வகையில் நம் அடுக்களை அதற்குப் பாதுகாப்பானது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் ஆகா. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் தொடங்கி, மருத்துவர் கூறும் முறையில் தொடர்தல் வேண்டும். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் உடனே சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்க. அந்நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் ஏறத்தாழ இல்லை.

எம் விடை

ஐந்து வினாக்களையும் ஒரு தாளில் எழுதி எமக்கு யாமே மதிப்பெண் இட்டோம். மூன்றில் தேறினோம். முதலாவதிலும் ஐந்தாவதிலும் தேறவில்லை. முழங்கால் வலி நாள்தோறும் இருமுறை நடக்க இடந்தரவில்லை. எம் தங்கையின் மகள் பின்காப்பாளராக முன்வந்தாள்; ஆயினும் அவள் வாழ்வது பெங்களூரின் அடுக்ககத்தில், இரு சிறு குழந்தைகளுடன். அவள் இசைவு எம்மீதுள்ள அன்பால் எழுந்தது; நாயை விரும்பி எழுந்ததன்று. எனவே மீண்டும் நாய் வளர்ப்பதில்லை என முடிவு செய்தோம்.

எனினும் சீவகன் கதை எம்மை விடவில்லை. உரிமை கொள்ளாமலும் உதவலாம் அன்றோ? எம் தெருவில் இரு நாய்கள் உள. அவற்றிற்கு மருத்துவரைக் கொண்டு வெறிநோய்த் தடுப்பூசி இடுவித்தோம். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் பிறப்பித்த ஆணை, தெருநாய்களுக்கு உணவிட உள்ளாட்சி அமைப்புகள் தனி இடங்களைக் குறிக்க வேண்டும் என்கிறது. ஆதலின் தெருவில் இடாமல், அண்டை வீட்டாரையும் கேட்டு, எம் மதிற்சுவருக்குட்பட்ட பின்கட்டிலேயே பொழுது சாயுமுன் உணவும் நீரும் வைக்கின்றோம். அடுத்த வீட்டார் ஊர் செல்லும்போது அவர்தம் நாய் எம் வீட்டில் தங்குகிறது. இதனால் வெறுமை முற்றும் நீங்கிற்று என்று கூறமாட்டோம். மாலையில் திண்ணையில் அமரும்போது கால் தானே சற்று விலகி இடம் விடுகிறது. அதனைப் பொறுத்தலும் ஒரு பயிற்சியே.

உங்கள் விடை வேறாக இருக்கலாம். மகனும் மருமகளும் பேரரும் ஒருங்கு வாழும் வீட்டில், அனைவரும் விரும்பி ஏற்பாராயின், காப்பகத்தில் காத்திருக்கும் முதிய நாய் ஒன்றிற்கு அடைக்கலம் தருதல் அபயதானத்தோடு ஒத்த நற்செயலே. அவ்வீட்டார் தயங்க வேண்டியதில்லை.

இல்லத்தில் கலந்துரையாட வினாக்கள்

1. ஐந்து அதிசாரங்களையும் வரிசையாகக் கூறி, வீட்டு விலங்கு பற்றி ஒவ்வொன்றிற்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. நம் வீட்டில் இப்போது நாய், பசு, பூனை எதுவாயினும் இருப்பின், அதன் பின்காப்பாளர் யார்? அவர் அறிவாரா?
3. தாத்தா, பாட்டி நாய் வளர்க்க விரும்பினால், பேரப்பிள்ளைகள் ஏற்கும் வேலை எது? வாரத்தில் எந்நாள்?
4. வளர்க்க இயலாத வீட்டார் தம் தெருவில் உள்ள உயிர்களுக்குச் செய்யத்தக்க உதவிகள் மூன்றினைக் கூறுக.

மூன்றாம் வினாவிற்குரிய விடையைச் சிறுவர்கள் தம் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டுக. எழுதிய வேலை மூன்று மாதம் தவறாது நடைபெறுமாயின், அதன்பின் நாயைப் பற்றிப் பேசலாம்.