மாரி மழையும் எமது அடுப்பும்

எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே காலபோக நெல்லை விளைவிக்கிறது. நிலத்தில் இறங்கும் மழைநீர் சுண்ணாம்புக் கல்லிடையே, உவர்நீருக்கு மேல் நன்னீராக மிதக்கிறது. மருதனார்மடத்துச் செம்மண் தோட்டங்களுக்குக் கோடையில் நாம் இறைப்பது இந்நீரையே.

மழை குறைந்தால் நெல்லும் போகும், கிணறும் உவர்க்கும். நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் சுமார் 40 அடி உயரக்கூடும். மழை மிஞ்சினாலும் நட்டமே. 2008 கார்த்திகையில் ‘நிஷா’ புயல் வெள்ளத்தில் வயல்களும் தோட்டங்களும் மூழ்கின. அவ்வேளை ஏ-9 வீதியும் மூடியிருந்தது. கப்பலில் வரும் உணவையே பெரிதும் நம்பியிருந்தோம்.

வலிகாமம் வடக்கை விட்டு வந்து பிறர் காணியில் பயிரிடும் நாம் செய்யக்கூடியவை:

1. பொதுக் கிணற்றில் முறை வைத்து, சிறிது சிறிதாக இறைப்போம்.
2. பெருமழை ஓய்ந்த பின்பே வெங்காயம் நடுவோம். வெள்ளம் வடிய வாய்க்கால் வெட்டுவோம்.
3. விதை வெங்காயம் முழுவதையும் ஒரே தடவையில் நடாமல், ஒரு பங்கைக் கட்டித் தூக்கி வைப்போம். பஞ்சத்தில் அதைக் கறிக்கு எடுத்தால் அடுத்த போகம் இல்லை.

கலந்துரையாட: எமது கிணறு எந்த மாதத்தில் உவர்க்கத் தொடங்குகிறது? அதற்கு முன் எவ்வளவு இறைக்கிறோம்?