சப்வூஃபரும் பொதுச் சுவரும்

கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டனில் எங்கள் வீடு. விடுமுறையில் சப்வூஃபரை மூலையில் வைத்துப் படம் போட்டேன். முதல் வெடியோசையிலேயே அடுத்த வீட்டுப் பாட்டி வாசலுக்கு ஓடிவந்துவிட்டார். 2001-இல் மூடப்பட்ட சுரங்கத்தில், பாறை வெடிக்கும்போதெல்லாம் மேலே வீடுகள் குலுங்கியதை அவர் மறக்கவில்லை.

நண்பர்களே, 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 8.6 மீட்டர். எங்கள் அறையின் நீளம் 14 அடி, அலையில் சரிபாதி! ஆதலால் அவ்வொலி சுவருக்குச் சுவர் மோதிப் பெருகுகிறது. மூலையோ அதை மேலும் ஊட்டி வளர்க்கிறது.

பெட்டியை மூலையினின்று நகர்த்தினேன். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்தினேன். பிறகு உரையாடல் தெளிவாகக் கேட்கும்படி மற்ற ஒலிபெருக்கிகளை அமைத்து, சப்வூஃபரை அடியிலிருந்து மெல்ல ஏற்றினேன். அது தனியே ஒலிப்பதாகத் தோன்றியதும் சற்றே இறக்கினேன்.

தம்பியைப் படம் போடச் சொல்லிவிட்டுப் பாட்டி வீட்டில் நின்று கேட்டேன். சன்னல் இன்னும் முனகிற்று. மேலும் 3 டெசிபெல் குறைத்தேன்; அதாவது ஆற்றலில் பாதி.