காளையின் கழுத்தும் நுகத்தடியும்

பெருந்துறை வட்டாரக் காடு தோட்டங்களில் இன்று டிராக்டரே பெரும்பாலும் உழுகிறது. எனினும் பயிர் வரிசைகளுக்கிடையே களை நீக்கவும், எருவும் தீவனமும் ஏற்றிவரவும் காங்கயம் காளைகளை வைத்திருக்கும் குடியானவர்கள் இன்னும் உள்ளனர். ஜோடி பிடிக்கச் சந்தைக்குச் செல்லும் நாம் சுழி பார்க்கிறோம், பல் பார்க்கிறோம். அக்காளைகளின் கழுத்தில் ஏறும் நுகத்தடியையும் அதே கவனத்துடன் பார்ப்பது அவசியம்.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு மாடுகளுடன் குதிரைகளும் வருகின்றன. இரண்டும் வண்டி இழுப்பவையே. ஆனால் இழுக்கும் விதம் வேறு. குதிரை மார்பையும் தோளையும் கொடுத்து இழுக்கிறது. ஆகவே அதற்குப் பட்டை பொருந்துகிறது. நம் காளை திமிலுக்கு முன்னால் நுகத்தைத் தாங்கி இழுக்கிறது.

காளை தளராமல் தொடர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு. 400 கிலோ எடையுள்ள காளைக்கு இது சுமார் 40 கிலோ ஆகும். இவ்விசை முழுவதும் சிறிய இடத்தில் அழுந்தினால் அங்கு இரத்த ஓட்டம் குன்றும். தோல் உராய்ந்து வீக்கமும் புண்ணும் காணும். அகன்ற பரப்பில் பரவினால் இத்தொல்லை குறையும். நுகத்தடியைத் தேர்வதில் இதுவே முதல் பாடம்.

கவனிக்க வேண்டியவை:

1. மரம் இலேசாகவும் உறுதியாகவும், நன்கு உலர்ந்து வெடிப்பின்றியும் இருக்கவேண்டும்.

2. கழுத்தில் படும் பாகம் அகன்று, வழவழப்பாக இழைக்கப்பட்டு, ஓரம் மழுங்கியிருக்கவேண்டும். ஆணித் தலையோ கம்பி முனையோ அங்கே துருத்தக்கூடாது.

3. பூட்டாங்கயிறு மெல்லிய நைலான் கயிறாக இல்லாமல் பட்டையாக இருப்பது நலம். கட்டியபின் தொண்டையை நெரிக்காதவாறு விரல்கள் தாராளமாக நுழையவேண்டும்.

4. காளைகள் ஒத்த உயரமாக இருக்கவேண்டும். இல்லையேல் நுகம் சாய்ந்து, குட்டையான காளையின் மேல் பாரம் அதிகமாக விழும்.

5. களை ஓட்டும் நுகத்தின் நீளம் பயிர் வரிசையின் இடைவெளிக்கு ஒத்திருந்தால், காளைகள் பயிரை மிதிக்காமல் நடக்கும்.

நுகம் நன்றாக இருந்தும் வண்டிப் பாரம் தவறினால் பயனில்லை. முன்பாரம் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் நுகத்தை மேலே தூக்க, கயிறு தொண்டையை இறுக்கும். சக்கரத்தின் இருபுறமும் பாரம் சமமாக நிற்கும்படி ஏற்றுவதே முறை.

இவ்விஷயத்தில் சட்டமும் உண்டு. வண்டி இழுக்கும் பிராணிகளைக் குறித்து மத்திய அரசு 1965-ல் வகுத்த விதிகளின்படி, நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்டால், நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டக்கூடாது. முள் வைத்த கோலும், கூரிய முனைகளுடைய நுகமும் விலக்கப்பட்டுள்ளன. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவ்விதிகளை ஊராருக்கு எடுத்துரைக்கலாம். வண்டிகள் நிற்குமிடத்தில் நிழலும் தண்ணீர்த் தொட்டியும் அமைக்கலாம்.

வேலை முடிந்து நுகத்தை இறக்கியதும் காளையின் கழுத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்போமாக. சூடு, வீக்கம், மயிர் உதிர்தல் இவற்றுள் எதைக் கண்டாலும் மறுநாள் பூட்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும், நுகத்தையும் திருத்தவேண்டும். விதைப்பு ஈரம் நமக்காகக் காத்திராது. புண்பட்ட கழுத்துடன் காளை கட்டுத்தறியில் நின்றால், அப்பருவத்தின் வேலையும் அதனுடன் நின்றுவிடும்.